தண்ணீர் எங்கே போகிறது? பிக்கப் வண்டியின் கூலிங் சிஸ்டம்: ஓர் எளிய விளக்கம்

சித்திரை, வைகாசி வெயிலில் கரூரிலிருந்து பொள்ளாச்சி வரை எந்தப் பட்டறையை எட்டிப் பார்த்தாலும் பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு பிக்கப்பாவது நிற்கும். ஓட்டுநர் சொல்வதும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: "ஹீட் ஆகுதுங்கண்ணா, ரெண்டு நாளைக்கு ஒருக்கா தண்ணி ஊத்தி ஊத்தி ஓட்டிட்டு இருக்கேன்." கோளாறு அந்த வாக்கியத்தின் பின்பாதியில்தான் இருக்கிறது. இன்ஜினைக் குளிர்விக்கும் அமைப்பு ஒரு மூடிய சுற்று. ஊற்றியது உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். மாதக்கணக்கில் ஓடினாலும் அளவு கண்ணுக்குத் தெரிகிற மாதிரி குறையக் கூடாது. குறைந்தால் எங்கோ போகிறது என்று அர்த்தம். எங்கே என்று பார்க்காமல் ஊற்றிக்கொண்டே இருந்தால், ஒருநாள் ஹெட் கேஸ்கட் (இன்ஜினின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு) செலவு வந்து நிற்கும்.

பொலேரோ பிக்கப், டாடா யோதா, அசோக் லேலண்ட் தோஸ்த் போன்ற டீசல் வண்டிகளை மனதில் வைத்து இந்த விளக்கம் எழுதப்பட்டிருக்கிறது. அளவுகளும் பாகங்களின் இடமும் மாடலுக்கு மாடல் மாறும். சந்தேகம் வந்தால் வண்டியோடு வந்த கையேட்டில் உள்ளதே முடிவு.

சுற்று ஓடும் விதம்

டீசல் எரிந்து வரும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கோ அதற்குச் சற்று மேலோதான் சக்கரத்தைச் சுற்றும் வேலையாக மாறுகிறது. ஏறத்தாழ இன்னொரு பங்கு புகையோடு சைலன்சர் வழியே போய்விடும். மீதியில் பெரும்பகுதியை இன்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீர் வாங்கிக்கொள்ள வேண்டும். லோடு ஏற ஏற, மேடு ஏற ஏற எரியும் டீசல் கூடும். தண்ணீர் சுமக்க வேண்டிய வெப்பமும் அதே கணக்கில் கூடும். காலி வண்டியில் தலைகாட்டாத கோளாறு இரண்டு டன் ஏற்றியதும் வெளியே வருவது இதனால்தான்.

தண்ணீரைத் தள்ளுவது வாட்டர் பம்ப். பட்டறையில் வாட்டர் பாடி என்பார்கள். பெரும்பாலான வண்டிகளில் பெல்ட் இதைச் சுழற்றுகிறது. பம்பிலிருந்து இன்ஜினின் அடிப்பாகமான பிளாக்குக்குள் போய், அங்குள்ள சிலிண்டர்களைச் சுற்றி, மேலேறி, அவற்றை மேலிருந்து மூடும் ஹெட்டுக்குள் வரும். ஹெட்டின் வாசலில் தெர்மோஸ்டாட் இருக்கிறது. உள்ளே மெழுகு அடைத்த ஒரு சிறு வால்வு அது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மூடியிருக்கும். தண்ணீர் பைபாஸ் வழியாகப் பம்புக்கே திரும்பி, இன்ஜின் சீக்கிரம் சூடாகும். பல டீசல் இன்ஜின்களில் 82 டிகிரி செல்சியஸை ஒட்டித் திறக்க ஆரம்பித்து 95 வாக்கில் முழுதும் திறக்கும். திறந்ததும் சூடான தண்ணீர் மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டருக்குப் போய், மெல்லிய குழாய்களில் இறங்கி, காற்றுக்கு வெப்பத்தைக் கொடுத்துவிட்டு, கீழ் ஹோஸ் வழியாகப் பம்புக்கு வரும். இதிலிருந்து சிறு கிளைகள் கேபின் ஹீட்டருக்கும், ஆயில் கூலருக்கும், பிஎஸ் 4, பிஎஸ் 6 (புகை மாசு விதியின் படிநிலைகள்) வண்டிகளில் புகையைக் குளிர்விக்கும் இஜிஆர் கூலருக்கும் போகும். இந்தக் கடைசிக் கிளையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலைக்கு வரும்.

மூடியின் வேலை

ரேடியேட்டர் மூடியை வெறும் அடைப்பு என்று நினைத்துத்தான் பலரும் கிடைத்ததைப் போட்டு முறுக்குகிறார்கள். சுற்றுக்குள் அழுத்தத்தைப் பிடித்து வைப்பது அதுதான். மூடியின் தலையில் 0.9 அல்லது 1.1 என்று ஓர் எண் பொறித்திருக்கும். எத்தனை பார் அழுத்தம் வரை தாங்கும் என்ற கணக்கு அது. அழுத்தம் கூடினால் கொதிநிலை கூடும். திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், 0.9 பார் மூடிக்குக் கீழே ஏறத்தாழ 118 டிகிரி வரை கொதிக்காது. தண்ணீரோடு கலக்கும் குளிர்விப்புத் திரவமான கூலண்ட் பாதிக்குப் பாதி கலந்திருந்தால் 125 வரை போகும்.

இதை மலையில் வைத்துப் பாருங்கள். ஊட்டி 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் குறைவு. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். இன்ஜின் சாதாரணமாக ஓடும் சூடே 85 முதல் 95 டிகிரி. மூடியின் ரப்பர் வெடித்து அழுத்தம் பிடிக்காத வண்டி, மேட்டுப்பாளையத்தில் ஒழுங்காக ஓடிவிட்டு குன்னூர் தாண்டியதும் கொதிப்பதில் மர்மம் எதுவும் இல்லை.

மூடிக்கு இரண்டு வால்வுகள். அழுத்தம் மிஞ்சினால் பெரிய வால்வு திறந்து தண்ணீரை ரிசர்வ் டேங்குக்கு அனுப்பும். வண்டி ஆறியதும் உள்ளே வெற்றிடம் உண்டாகும். நடுவில் உள்ள சிறு வால்வு திறந்து, போன தண்ணீரைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். காலையில் பார்க்கும்போது மேல் ஹோஸ் சப்பிப்போய் இருந்தால் சிறு வால்வு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ரிசர்வ் டேங்க் மட்டும் நிரம்பி நிரம்பி வழிய, ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே போனாலும் முதல் சந்தேகம் மூடிமேல்தான். அல்லது ரிசர்வ் டேங்க் குழாய் எங்காவது கீறியிருக்கும். ரப்பர் வளையம் கெட்டியாகி, கீறல் விட்டிருந்தால் மூடியையே மாற்றிவிடுங்கள். எண் மட்டும் அதே எண்ணாக இருக்க வேண்டும். அதிக பார் மூடி போட்டால் நல்லது என்று ஒரு நம்பிக்கை உண்டு. அந்த அதிகப்படி அழுத்தம் பழைய ஹோஸ்மேலும் ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்க்மேலும்தான் விழும்.

சில வண்டிகளில் ரேடியேட்டரில் மூடியே இருக்காது. ஓரத்தில் தனியாக நிற்கும் வெள்ளை பிளாஸ்டிக் டேங்கின் திருகு மூடிதான் அழுத்தத்தைப் பிடிக்கும். அங்கே அந்த டேங்க்கும் சுற்றின் ஒரு பகுதி. சூட்டில் அதைத் திறப்பதும் ரேடியேட்டரைத் திறப்பதும் ஒன்றே.

நம் ஊர்த் தண்ணீரும் கூலண்டும்

"இங்கென்ன பனியா கொட்டுது, கூலண்ட் எதுக்குங்க?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உறையாமல் காப்பது கூலண்டின் ஒரு வேலை. அது நமக்குத் தேவைப்படாது என்பது உண்மை. ஆனால் அதன் மற்ற வேலைகள்தான் இங்கே முக்கியம். கொதிநிலையை உயர்த்துகிறது. அலுமினிய ஹெட், வார்ப்பிரும்பு பிளாக், செம்பு, ஈயப் பற்று, ரப்பர் என்று வெவ்வேறு பொருள்கள் ஒரே தண்ணீரில் நனைந்து கிடக்கும்போது உண்டாகும் அரிப்பைத் தடுக்கிறது. பம்பின் சீலுக்கு வழுவழுப்புத் தருகிறது. வெறும் தண்ணீரில் ஓடும் பம்பில் சீல் சீக்கிரம் போவதும், விசிறி போன்ற அந்த இம்பெல்லர் பொரிந்து தேய்வதும் பட்டறைகளில் அன்றாடம் பார்க்கிற காட்சி.

அதைவிடப் பெரிய சிக்கல் தண்ணீரிலேயே இருக்கிறது. கொங்குப் பகுதியின் பெரும்பாலான போர்வெல்களில் வருவது உப்புத் தண்ணீர், கோவைப் பக்கம் சப்பைத் தண்ணீர் என்பார்களே, அது. கால்சியமும் மக்னீசியமும் அதில் நிறைய. சூடு பட்டால் இந்த உப்புகள் பிரிந்து படியும். குளிக்க வெந்நீர் வைக்கும் அண்டாவின் அடியில் பொறுக்காக ஒட்டியிருக்குமே, அதே வெள்ளைப் படிவம்தான். இன்ஜினில் அது படிகிற இடம் கவனிக்க வேண்டியது. எங்கே சூடு அதிகமோ அங்கேதான் முதலில் படியும்; அதாவது ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வுகளுக்கு இடைப்பட்ட குறுகிய பகுதியிலும், சிலிண்டரின் மேல் விளிம்பிலும். இரும்போடு ஒப்பிட்டால் இந்தப் படிவம் வெப்பத்தைக் கடத்துவது பல மடங்கு குறைவு. ஆகவே தண்ணீரில் உள்ள சென்சார் 90 டிகிரி என்று காட்டும். படிவத்துக்கு அந்தப் பக்கம் உலோகம் அதைவிட எவ்வளவோ சூடாக இருக்கும். சூடு முள் நடுவில் நிற்கும்போதே ஹெட் விரிசல் விடுவதற்கு இது ஒரு காரணம். அதே தண்ணீரில் உள்ள குளோரைடு அலுமினிய ரேடியேட்டரின் குழாய்களில் ஊசிமுனை ஓட்டைகளைப் போடும். மெல்லிய குழாய்கள் படிவத்தால் அடைபடவும் செய்யும்.

அதனால் கூலண்டோடு கலக்க டிஸ்டில்டு வாட்டரையே எடுங்கள். பேட்டரிக்கு ஊற்றுவதற்காக 5 லிட்டர் கேனில் கடைகளில் கிடைப்பது இதுதான். கேனில் ஆசிட் என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும், இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கியிருப்பார்கள். சிறுவாணித் தண்ணீர் குடிக்க அருமை, உப்பும் குறைவு; ஆனாலும் டிஸ்டில்டு வாட்டருக்கு ஈடாகாது. ஆர்ஓ தண்ணீரை நடுவழியில் அவசரத்துக்கு ஊற்றலாம், அதுவே வழக்கமாகக் கூடாது. வாய்க்கால் தண்ணீரோ தோட்டத்துத் தொட்டித் தண்ணீரோ ஊற்ற வேண்டி வந்துவிட்டால், வண்டி வீடு சேர்ந்ததும் முழுவதையும் இறக்கி மாற்றிவிடுவது மலிவு.

கலவை பாதிக்குப் பாதி. செறிவு கூடினால் இன்னும் நன்றாகக் குளிரும் என்று வெறும் கூலண்டை ஊற்றுவது தலைகீழ் வேலை. கூலண்டின் முக்கியப் பொருளான எத்திலீன் கிளைக்கால் தண்ணீரைவிட மெதுவாகத்தான் வெப்பத்தை வாங்கிக் கடத்தும்; 70 சதவீதத்துக்கு மேல் போனால் குளிர்ச்சி நிச்சயம் குறையும். மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் அரிப்புத் தடுப்பு போதாது. கடையில் வாங்கும்போது நேராக ஊற்றுகிற ரெடிமிக்ஸா, கலக்க வேண்டிய கான்சென்ட்ரேட்டா என்று கேட்டு வாங்குங்கள். ரெடிமிக்ஸில் மறுபடி தண்ணீர் கலந்துவிட்டு விலை குறைந்ததாகச் சந்தோஷப்படுபவர்கள் இருக்கிறார்கள்.

நிறத்தை நம்பாதீர்கள். பச்சை, சிவப்பு, ஆரஞ்சு, நீலம் எல்லாம் தயாரிப்பாளர் போடும் சாயம். பழைய வகை அரிப்புத் தடுப்பு உள்ளவை ஏறத்தாழ இரண்டு ஆண்டு அல்லது 40,000 கி.மீ. தாங்கும், கரிம அமில வகை, பட்டறையில் ஓஏடி அல்லது லாங் லைஃப் என்பது, ஐந்து ஆண்டு வரை போகும். இரண்டையும் கலந்தால் வெடித்துவிடாது, ஆனால் நீண்ட ஆயுள் போய்விடும். சில கலவைகள் கூழாகத் திரிந்து குழாயை அடைக்கவும் செய்யும். பாட்டிலின் பின்புறத்தில் ஐஎஸ் 5759 அல்லது ஜேஐஎஸ் கே 2234 போன்ற தர எண்ணும், உங்கள் கையேடு கேட்கும் வகையும் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் பச்சைச் சாயத் தண்ணீரும் கூலண்ட் என்ற பெயரில் விலை போகிறது.

குறைகிற தண்ணீரைத் துரத்துவது

காலையில் வண்டி எடுக்கும் முன், இன்ஜின் ஆறியிருக்கும்போது, சமதளத்தில் நிறுத்தி ரிசர்வ் டேங்கைப் பாருங்கள். அளவு இரண்டு கோடுகளுக்கு இடையில் இருக்க வேண்டும். டேங்கின் மேல் மார்க்கர் பேனாவால் இன்றைய மட்டத்தைக் கோடு போட்டு, கிலோமீட்டரையும் பக்கத்தில் எழுதி வைப்பது மிகச் சிறந்த பழக்கம். வாரம் ஒருமுறை மூடியைத் திறந்து ரேடியேட்டருக்குள்ளும் பார்க்க வேண்டும். மூடி இழுக்காத வண்டியில் டேங்க் நிறைந்திருக்க ரேடியேட்டர் காலியாக இருக்கும்.

மட்டம் குறைந்தால் முதலில் வெளியே தேடுங்கள். கூலண்ட் போட்ட வண்டியில் கசிவு தானே காட்டிக்கொடுக்கும்: தண்ணீர் ஆவியாகிப் போக, வெள்ளையாகவோ பச்சையாகவோ பொறுக்குத் தடம் நிற்கும். வெறும் தண்ணீர் ஊற்றிய வண்டியில் இந்தத் தடயம் கிடைப்பது கஷ்டம், கூலண்டுக்கு ஆதரவாக இன்னொரு காரணம். பார்க்க வேண்டிய இடங்கள்: ஹோஸ் கிளிப்புகள், ரேடியேட்டரின் அலுமினியமும் பிளாஸ்டிக் டேங்கும் மடித்துச் சேரும் விளிம்பு, இறக்கும் குழாயின் திருகு, பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள வட்டத் தகட்டு அடைப்புகள், வாட்டர் பம்பின் அடியில் உள்ள சிறு துளை. அந்தத் துளை வேண்டுமென்றே விடப்பட்டது. உள்ளே சீல் தேய்ந்ததும் தண்ணீர் பேரிங்குக்குள் போகாமல் வெளியே சொட்டுவதற்காக. அதில் சொட்டுத் தெரிந்தால் பம்புக்கு நாள் குறித்தாகிவிட்டது. எம்-சீல் வைத்து அடைத்தால் தண்ணீர் பேரிங்குக்குப் போய், பம்ப் பிடித்துக்கொண்டு, பெல்ட் அறுந்து, நடுவழியில் நிற்பீர்கள்.

ஹோஸை ஆறிய நிலையில் அழுத்திப் பாருங்கள். நல்ல ஹோஸ் கெட்டியாக, ஆனால் வளைந்து கொடுக்கும். மொறுமொறுவென்று இருந்தாலும், கிளிப்புக்குப் பக்கத்தில் உப்பியிருந்தாலும், டீசல் பட்டு ஊறிப்போயிருந்தாலும் மாற்ற வேண்டும். கீழ் ஹோஸைத் தடவிப் பார்க்க மறந்துவிடுவார்கள். பம்ப் உறிஞ்சும் பக்கம் அதுதான், மெலிந்துபோன ஹோஸ் வேகத்தில் உள்ளே சப்பி ஓட்டத்தைத் தடுக்கும். கேபினில் காலடி விரிப்பு ஈரமாக, தித்திப்பான வாசனையோடு இருந்தால் ஹீட்டரின் சிறு ரேடியேட்டர் ஒழுகுகிறது.

வெளியே எதுவும் இல்லாமல் தண்ணீர் மட்டும் குறைந்தால் உள்ளே போகிறது. இங்கே பலரும் நேராக ஹெட் கேஸ்கட் என்று முடிவு கட்டிவிடுவார்கள். முதலில் சோதியுங்கள். ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிடத்துக்குள் மேல் ஹோஸ் கல்லாக இறுகினால், அவ்வளவு சீக்கிரம் தண்ணீரின் சூட்டால் அழுத்தம் வர முடியாது; சிலிண்டரின் வாயு உள்ளே வருகிறது. ஆறிய வண்டியில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால் விடாமல் குமிழ் வரும். தொடக்கத்தில் சில குமிழ் வந்து நின்றுவிட்டால் அது அடைபட்ட காற்று, பயப்பட வேண்டாம். ஆயில் குச்சியிலோ ஆயில் ஊற்றும் மூடியின் உள்பக்கத்திலோ பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர் ஆயிலில் கலந்திருக்கிறது. வண்டியை அதற்குமேல் ஓட்டாதீர்கள். தண்ணீரில் ஆயில் மிதந்தால் ஆயில் கூலரையும் சந்தேகப்பட வேண்டும்.

இஜிஆர் கூலரை நினைவில் வைக்கச் சொன்னோமே, அது இதற்குத்தான். அது உள்ளே விரிசல் விட்டால் தண்ணீர் புகையோடு கலந்து சைலன்சர் வழியே போய்விடும். தரையில் ஒரு சொட்டு இருக்காது, ஆயில் சுத்தமாக இருக்கும், சூடான பிறகும் வெள்ளைப் புகை வரும். ஹெட்டைக் கழற்றி, கேஸ்கட் மாற்றி, எல்லாச் செலவும் செய்த பிறகும் தண்ணீர் குறைகிறது என்று வரும் வண்டிகளில் இதுவும் ஒரு காரணமாக இருப்பதுண்டு. ஆகவே ஹெட்டில் கை வைக்கும் முன் இஜிஆர் கூலரைத் தனியாகக் கழற்றி அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். கையால் அடிக்கும் ரேடியேட்டர் பிரஷர் டெஸ்டர் பட்டறையில் இருந்தால், மூடியில் போட்டிருக்கும் அளவுக்கு அழுத்தம் ஏற்றி பத்து நிமிடம் விட்டாலே பாதிக் கசிவுகள் பிடிபடும்.

ஓட்டையை அடைக்க மஞ்சள் தூள் போடுவது மஞ்சள் சந்தை உள்ள ஊரில் சுலபமாகத் தோன்றும். பழைய பித்தளை ரேடியேட்டரில், நடுக்காட்டில், வீடு வந்து சேர அது உதவியிருக்கலாம். இன்றைய அலுமினிய ரேடியேட்டரின் குழாய்கள் மிகக் குறுகலானவை. ஓட்டையை அடைக்கும் தூள் அவற்றையும் அடைக்கும். கடையில் விற்கும் ஒழுகல் நிறுத்திப் பொடிகளுக்கும் இதே குணம்தான்.

பஞ்சு, நார்த்தூள், உமி

தண்ணீர் குறையாமலே ஹீட் ஆனால் காற்றுப் பக்கத்தைப் பாருங்கள். திருப்பூர், பல்லடம், சோமனூர்ப் பக்கம் மில்லுக்கும் தறிக்கும் ஓடும் வண்டிகளில் பஞ்சுத் தூசி ரேடியேட்டர் ஃபின்னில் (குழாய்களுக்கு நடுவே உள்ள மெல்லிய தகடுகளில்) மெத்தை மாதிரி படிந்திருக்கும். பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார்த்தூள். அது ஆயில் கசிவோடு சேர்ந்தால் சாந்தாக இறுகிவிடும். காங்கேயத்து அரிசி ஆலைகளுக்குப் போகும் வண்டிகளில் உமி, கோழிப்பண்ணைக்குப் போவதில் தீவனத் தூள். முன்னாலிருந்து பார்த்தால் சுத்தமாகத் தெரியும். ஏசி உள்ள வண்டியில் முன்னால் நிற்பது கண்டென்சர், ஏசிக்கான ரேடியேட்டர் மாதிரி. குப்பை அதற்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் சிக்கியிருக்கும். டார்ச் அடித்து மேலிருந்து எட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

சுத்தம் செய்வது இன்ஜின் பக்கத்திலிருந்து வெளியே தள்ளும் திசையில். காற்று உள்ளே வந்த வழியாகவே குப்பையும் வந்தது. முன்னாலிருந்து அடித்தால் இன்னும் ஆழமாகத்தான் போகும். முதலில் உலர்ந்த நிலையிலேயே கம்ப்ரஸர் காற்றை இரண்டடி தள்ளிப் பிடித்து ஊதி, பிறகு சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, சாதாரண ஹோஸ் தண்ணீரால் கழுவுங்கள். சர்வீஸ் ஸ்டேஷனில் பிரஷர் பம்பை நெருக்கமாகப் பிடித்தால் மெல்லிய ஃபின்கள் மடிந்து, குப்பையைவிட மோசமாகக் காற்றை அடைத்துவிடும். நூல் மில் வண்டிக்கு இதை மாதம் ஒருமுறை செய்யலாம். மற்ற வண்டிகளுக்கு ஒவ்வொரு சர்வீசிலும் போதும்.

விசிறியைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூண்டை வேலை முடிந்ததும் மாட்டாமல் விட்டுவிடும் பழக்கம் சில பட்டறைகளில் உண்டு. அது இல்லாவிட்டால் விசிறி ரேடியேட்டர் வழியாக இழுக்காமல் பக்கத்திலிருந்தே காற்றைச் சுழற்றும். பெல்ட்டில் ஓடும் விசிறியாக இருந்தால் நடுவில் சிலிகோன் எண்ணெய் அடைத்த விஸ்கஸ் கிளட்ச் இருக்கும். ஆறிய இன்ஜினை அணைத்துவிட்டு விசிறியைக் கையால் சுற்றினால் சிறு எதிர்ப்போடு நகர வேண்டும். சுழற்றிவிட்டதும் காற்றாடியாகப் பல சுற்று ஓடினால் எண்ணெய் போய்விட்டது. கிளட்சின் முகப்பில் ஈரத் தடமும் இருக்கும். மின் விசிறி உள்ள வண்டியில் ஃபியூஸ், ரிலே, சென்சார் மூன்றையும் பார்க்க வேண்டும். சாவி போட்டிருக்கும்போது அந்த விசிறிக்குள் கை விடாதீர்கள், எப்போது வேண்டுமானாலும் சுழலும்.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து அடிக்கும்போது இன்னொன்று நடக்கும். கிழக்கே பல்லடம், தாராபுரம் பக்கம் போகும் வண்டிக்குக் காற்று முதுகில்; ரேடியேட்டருக்குள் நுழையும் காற்றின் வேகம் அந்த அளவுக்குக் குறையும். விசிறி சுமார் நிலையில் உள்ள வண்டி அந்தத் திசையில் மட்டும் முள் ஏறுவது உண்டு. ஓட்டுநர் சொன்னால் மெக்கானிக் நம்பமாட்டார். நம்பலாம்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றலாமா

வேண்டாம். "வெயில் ஊருங்க, அது தேவையில்ல" என்று கழற்றி எறிவது பழைய பழக்கம். தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் காலை நேரத்திலும் காலி ஓட்டத்திலும் சூடே ஏறாமல் ஓடும். டீசல் அதிகம் குடிக்கும், சிலிண்டர் தேயும், பிஎஸ் 6 வண்டியில் புகை வடிகட்டியில் சேரும் கரியை எரிக்கத் தேவையான சூடு வராமல் அது அடைபடும். அதைவிட வேடிக்கை, பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் அடித்தட்டு பைபாஸை மூடும்படி அமைத்திருக்கிறார்கள். அதைக் கழற்றினால் பைபாஸ் எப்போதும் திறந்தே இருக்கும். தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றும். ஹீட்டைக் குறைக்கச் செய்த வேலை மேட்டில் ஹீட்டைக் கூட்டிவிடும்.

சந்தேகம் இருந்தால் கழற்றி, பாத்திரத்துத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு, வெப்பமானியோடு சூடாக்குங்கள். விளிம்பில் பொறித்திருக்கும் டிகிரியை ஒட்டித் திறக்க ஆரம்பிக்க வேண்டும். கொதித்தும் திறக்காவிட்டால், அல்லது ஆறியும் மூடாவிட்டால், புதிது. மாட்டும்போது மெழுகு உள்ள குமிழ்ப் பக்கம் இன்ஜினை நோக்கி, காற்று போகும் சிறு துளை மேலே.

கூலண்ட் மாற்றும்போது ஒரு கணக்கு

வேலை சுலபமானதுதான், கணக்கில்தான் தப்பு நடக்கிறது. சுற்றின் மொத்தக் கொள்ளளவு 8 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். ரேடியேட்டரின் அடித் திருகைத் திறந்தால் 5 லிட்டர்தான் இறங்கும்; மீதி 3 லிட்டர் பிளாக்கிலும் ஹீட்டரிலும் நிற்கும். நல்ல தண்ணீர் விட்டு அலசிய பிறகு அந்த 3 லிட்டரும் வெறும் தண்ணீர். அதன்மேல் 5 லிட்டர் ரெடிமிக்ஸ் ஊற்றினால் உள்ளே போன கூலண்ட் இரண்டரை லிட்டர். எட்டில் இரண்டரை, 31 சதவீதம். பாதிக்குப் பாதி ஊற்றிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அலசல் செய்தால் கான்சென்ட்ரேட் வாங்குங்கள்: மொத்தக் கொள்ளளவில் சரிபாதி, இங்கே 4 லிட்டர், முதலில் ஊற்றிவிட்டு, மீதியை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்பினால் கணக்கு தானாகச் சரியாகும். கடைசி இரண்டு அலசலுக்காவது டிஸ்டில்டு வாட்டரே நல்லது; உள்ளே தங்கப்போவது அந்தத் தண்ணீர்தான்.

ஆறிய வண்டியில் ஹீட்டர் குமிழை முழுச் சூட்டில் வைத்து, அடித் திருகைத் திறந்து, பிறகு மூடியைக் கழற்றி இறக்குங்கள். இறங்கியதை அளந்து வையுங்கள். துரு நிறமாக வந்தால் நிறம் தெளியும்வரை அலசல்: தண்ணீர் நிரப்பி, தெர்மோஸ்டாட் திறக்கும்வரை ஓடவிட்டு, ஆறவிட்டு, மறுபடி இறக்குவது. கூலண்ட் நிரப்பும்போது மெதுவாக ஊற்ற வேண்டும், வேகமாக ஊற்றினால் காற்று அடைபடும். முன்பக்கம் சற்று மேடாக நிற்கும் இடம் வசதி. காற்று வெளியேற்றும் திருகு உள்ள வண்டியில் அதில் குமிழில்லாமல் தண்ணீர் வரும்வரை திறந்து வையுங்கள். மூடி இல்லாமல் ஐடிலில் ஓடவிட்டு, மேல் ஹோஸை அவ்வப்போது பிசைந்து விடுங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் சட்டென்று இறங்கும். நிரப்பி, மூடியைப் போடுங்கள். ஹீட்டரில் சூடான காற்று வந்தால் காற்றடைப்பு போய்விட்டது. மறுநாள் காலை ஒருமுறை பார்த்து, குறைந்த அரை லிட்டரை ஊற்றுங்கள்.

இறக்கிய கூலண்டைச் சாக்கடையிலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள், திறந்த வாளியில் விட்டுவிட்டும் போகாதீர்கள். தித்திப்பாக இருப்பதால் நாயும் ஆடும் குடிக்கும். சிறுநீரகம் போய்ச் செத்துவிடும். குழந்தைகளுக்கும் அதே ஆபத்து.

மலை ஏறும்போதும் முள் ஏறும்போதும்

பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு 27 கொண்டை ஊசி வளைவு, ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70. லோடோடு ஏறும்போது பெரிய கியரில் ஆக்சிலரேட்டரை மிதித்து இழுக்க வைத்தால் டீசல் நிறைய எரியும், ஆனால் பம்பும் விசிறியும் மெதுவாகச் சுழலும். ஒரு கியர் குறைத்து, இன்ஜினை 2000 முதல் 2500 சுற்றில் வைத்தால் தண்ணீரும் காற்றும் வேகமாக ஓடும். முள் நடுவைத் தாண்டினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் போட்டு, புளோயரை முழு வேகத்தில் வையுங்கள். சித்திரையில் அது தண்டனைதான், ஆனால் ஹீட்டரும் ஒரு சிறு ரேடியேட்டர்.

அதற்கும் இறங்காவிட்டால் ஓரம் கட்டி, தண்ணீர் கொட்டவோ ஆவி அடிக்கவோ இல்லாத பட்சத்தில், இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் ஓடவிடுங்கள். உடனே அணைத்தால் பம்ப் நின்று, ஹெட்டில் தேங்கிய சூடு அங்கேயே கொதிக்கும். தண்ணீர் வெளியே கொட்டியிருந்தால் நேர்மாறு: அந்த நொடியே அணைக்க வேண்டும். ஓட்டும்போது முள் சிவப்பைத் தொட்டுவிட்டு திடீரென்று கீழே இறங்கினால் நிம்மதி அடையாதீர்கள். தண்ணீர் முழுக்கப் போய், சென்சார் வெறும் ஆவியில் தொங்கினாலும் முள் இறங்கும். ஹீட்டரிலிருந்து குளிர்ந்த காற்று வந்தால் அதுதான் நடந்திருக்கிறது.

மூடியை அரை மணி முதல் முக்கால் மணி நேரத்துக்குத் தொடாதீர்கள். 110 டிகிரித் தண்ணீர் அழுத்தம் விட்ட நொடியில் ஆவியாகப் பீய்ச்சும்; முகமும் கையும் வெந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். மேல் ஹோஸ் கையால் பிசையும் அளவுக்கு ஆறியபின், தடித்த துணியைப் போட்டு, முதல் பிடி வரை மட்டும் திருகி, சீறல் நின்றதும் முழுதும் திறங்கள். இன்ஜினின் வெளியே தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்க வேண்டாம். உள்ளே ஊற்றுவதும் இன்ஜின் ஆறியபின், ஐடிலில் ஓடவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக. சூட்டில் இருக்கும் ஹெட்டில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடும்.

ஒருமுறை நன்றாகக் கொதித்த வண்டியில் ஹெட்டைக் கழற்ற வேண்டி வந்தால், கேஸ்கட்டை மட்டும் மாற்றி மூட விடாதீர்கள். நேர்விளிம்புச் சட்டத்தை ஹெட்டின்மேல் நீளவாக்கிலும் குறுக்கிலும் மூலைக்கு மூலையும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்க்க வேண்டும். கையேடு சொல்லும் எல்லை பெரும்பாலும் 0.05 முதல் 0.1 மி.மீ. வரைதான். அதற்கு மேல் வளைந்திருந்தால் பேசிங் போட வேண்டும், அதாவது முகப்பைச் சீவிச் சமமாக்க வேண்டும். எவ்வளவு சீவலாம் என்பதற்கும் எல்லை உண்டு. விரிசலுக்குத் தண்ணீர் அழுத்தச் சோதனை தனி. போல்டுகளைப் பழைய ஆயில் துடைத்து, கையேட்டில் உள்ள வரிசையில், டார்க் ரெஞ்ச் வைத்துப் படிப்படியாக இறுக்க வேண்டும். ஒருமுறைதான் பயன்படுத்தலாம் என்று சொல்லப்பட்ட போல்டாக இருந்தால் புதிது வாங்குங்கள். ஹெட் வெளியே இருக்கும் அதே நாளில் தெர்மோஸ்டாட், மூடி, இரண்டு ஹோஸ் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றிவிட்டால் கூடுதல் கூலி கிடையாது. ரேடியேட்டரைக் கழற்றி, தலைகீழாகப் பிடித்துத் தண்ணீர் விட்டு, எல்லாக் குழாய்களிலும் ஒரே வேகத்தில் இறங்குகிறதா என்றும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.